படிவங்களை லேசர் பிரிண்டருக்கு மாற்றும்போது பக்கம் நகர்ந்தால்

டாட் மேட்ரிக்ஸில் கச்சிதமாக விழுந்த இன்வாய்ஸ், லேசரில் முதல் பக்கம் சரியாக வந்து, அடுத்தடுத்த பக்கங்களில் ஆறாறு வரியாக நகர்கிறதா? கோளாறு பிரிண்டரில் இல்லை, கணக்கில் இருக்கிறது. 11 அங்குலத் தாளில் அங்குலத்துக்கு 6 வரி என்றால் 66 வரி. பழைய புரோகிராம் அதைத்தான் எண்ணுகிறது. லேசரோ மேலும் கீழும் அரை அங்குலம் விட்டு 60 வரியோடு தாளைத் தள்ளிவிடும்.

பிசிஎல் (பிரிண்டருக்கான ஒரு கட்டளை மொழி) புரியும் பிரிண்டரில் வரி இடைவெளியைக் குறைப்பதே நல்ல வழி. இயல்பில் அது 8/48 அங்குலம், 7.27/48 ஆக்கினால் அதே 10 அங்குலத்தில் 66 வரியும் அடங்கும். புரோகிராமின் பிரிண்டர் அமைப்பில், எஸ்கேப் குறியீட்டை (தசமத்தில் 27) அடுத்து &, சிறிய எழுத்து எல் (l), 7.27, பெரிய எழுத்து சி (C) என்று இடைவெளி விடாமல் கொடுங்கள். எல்லுக்குப் பதில் 1 என்ற எண்ணை அடித்துவிட்டு மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் உண்டு. கட்டங்கள் முன்கூட்டியே அச்சிட்ட படிவம் என்றால் இந்த வழி உதவாது, கட்டங்கள் பொருந்தாது. புரோகிராமில் பக்க நீளத்தை 60 ஆக்கி, மேல் கீழ் வெற்று வரிகளைக் குறையுங்கள்.

132 எழுத்து அகல அறிக்கைக்கு அங்குலத்துக்கு 16.67 எழுத்து வேண்டும். எழுத்துரு சம அகலமுள்ளதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் தொகைப் பத்தி கோணிக்கொள்ளும்.

கடைசிப் பக்கம் வராமல் விளக்கு மட்டும் எரிந்தால், முடிவில் ஃபார்ம் ஃபீட் (தாளைத் தள்ளச் சொல்லும் குறியீடு, தசமத்தில் 12) போகவில்லை. கார்பன் நகல் லேசரில் விழாது. பிரதி எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.