லட்ச ரூபா ரிசீவர எடை போடுறது எப்படி? ஒரு செங்கோட்டைக்காரன் அனுபவம்

என் மச்சினன் புனலூர்ல இருக்கான், வீட்டம்மாவுக்குத் தம்பி. கல்ஃப்ல இருந்து லீவுக்கு வரும்போது 9 சேனல் ஏவி ரிசீவர் (டிவி, பிளேயர்ல இருந்து வர்ற சத்தத்த வாங்கி 9 ஸ்பீக்கர் வரைக்கும் ஓட்டுற பொட்டி) ஒண்ண தூக்கிட்டு வந்துட்டான். வந்த மறுநாளே போன், "அத்தான், பொட்டி பெருசா இருக்கு, சவுண்டு நல்லதா சொத்தையான்னு தெரியல, ஒரு எட்டு வந்து கேட்டுச் சொல்லுங்க"ன்னு. சரின்னு புளியரை செக்போஸ்ட்ட தாண்டி ஆரியங்காவு ஏறி இறங்கி போய்ச் சேர்ந்தேன், ஒரு நாள் வேலைனு நெனச்சது மூணு ராத்திரி ஆச்சு. அங்க பண்ணதையும் அதுக்கு முன்னாடி என் காசுல நான் பட்டதையும் சேத்து எழுதுறேன், இந்த ரேஞ்சுல வாங்கப் போறவங்களுக்கு உதவும்.

மொதல்ல ஸ்பெக் ஷீட்டு. அட்டையில 200 வாட்ஸ்னு போட்டிருக்கும், கீழ பொடி எழுத்துல 6 ஓம் (ஸ்பீக்கரோட மின்தடை), 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன் (சத்தம் சிதையுறது), 1 சேனல் மட்டும்னு இருக்கும். அந்த 200ஐ அப்படியே மறந்துருங்க. நாம தேட வேண்டிய வரி இது: 8 ஓம், 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும், ரெண்டு சேனல் ஒரே நேரத்துல ஓடும்போது, டிஸ்டார்ஷன் 0.1 சதவீதத்துக்குக் கீழ. அப்படிப் பாத்தா பெரிய ரிசீவரெல்லாமே பெரும்பாலும் 100ல இருந்து 150 வாட்ஸுக்குள்ளதான் நிக்கும். 9 சேனலும் ஒண்ணா ஓடுனா இன்னும் இறங்கும், எல்லாத்துக்கும் பவர் சப்ளை ஒண்ணுதானே. அதுக்காக பயப்பட வேணாம், எந்தப் படத்துலயும் 9 சேனலும் ஒரே நேரத்துல ஃபுல்லா கத்தாது.

வாட்ஸ் கணக்கு புரியலன்னா இப்படிப் பாருங்க. ஸ்பீக்கர் சென்சிட்டிவிட்டி 87 டெசிபல்னா 1 வாட் குடுத்தா 1 மீட்டர் தள்ளி 87 கேக்கும். நீங்க 3 மீட்டர்ல உக்காந்தா சுமார் 9 டெசிபல் கொறஞ்சு 78, ரூம் கொஞ்சம் திருப்பிக் குடுக்கும். 100 வாட் குடுத்தா 20 டெசிபல் ஏறி 98. சரி, 200 வாட் ரிசீவர் வாங்குனா? 101, அம்புட்டுத்தான். வாட்ஸ் டபுள் ஆனா 3 டெசிபல்தான் கூடும், இதுக்குப் போயி 50 ஆயிரம் கூட குடுக்கணுமான்னு யோசிங்க. அதே காச பேஸுக்குன்னே இருக்கிற சப்ஊஃபர்ல போட்டா வித்தியாசம் வீட்டுக்கே தெரியும். உங்க ஸ்பீக்கர் 4 ஓமா இருந்தா மட்டும் கத வேற, அப்ப நல்ல பவர் சப்ளை நெசமாவே வேணும், ப்ரீஅவுட் (வெளி ஆம்புக்கு சிக்னல் குடுக்குற சாக்கெட்) இருக்கான்னும் பாருங்க, பின்னால ஒரு பவர் ஆம்ப் சேத்துக்கலாம். மெனுல "4 ஓம்"னு ஒரு செட்டிங் இருக்கும், அத மாத்துனா சூடு ஏறாம இருக்க வோல்டேஜ கொறச்சிரும், சத்தமும் படுத்துரும், 8லயே விட்டுருங்க. சோதிக்கிற நேரத்துல கரண்ட மிச்சம் பிடிக்கிற ஈகோ மோடும் ஆஃப்ல இருக்கட்டும்.

இடையில ஒண்ணு சொல்லிக்கிறேன், கல்ஃப் மாடல் 220 - 240 வோல்ட், நம்ம ஊரு கரண்டுக்கு ஒத்துப் போகும், பின்னை மட்டும் மாத்தணும், வயர் பெரும்பாலும் கழட்டுற மாதிரிதான் இருக்கும். அமெரிக்காவுல இருந்து வர்றது 120 வோல்ட், அப்படியே சொருகுனீங்கன்னா பொகதான். இன்டர்நேஷனல் வாரன்டின்னு யாராச்சும் சொன்னா எழுத்துல கேளுங்க, வாய்ல சொல்றது செல்லாது.

இப்ப காது விஷயம். நான் ஏமாந்ததும் இதுலதான். பல வருசத்துக்கு முன்னாடி பெரிய ஊர்ல ஒரு ஷோரூம்ல ரெண்டு ரிசீவர மாத்தி மாத்திப் போட்டுக் காட்டுனாங்க, வெல கூடுனது தெளிவா உயிரோட்டமா இருந்துச்சு, அதையே வாங்கிட்டு வந்துட்டேன். வீட்டுல பழச பக்கத்துல வச்சுக் கேட்டா ஒரு வித்தியாசமும் இல்ல. அப்புறம்தான் ஒறைச்சது, கடையில வெல கூடுனத ரெண்டு பாயின்ட் சத்தமா வச்சிருந்திருக்காங்க. 1 டெசிபல் கூட இருந்தாலே நம்ம காது அத "சத்தம் கூட"ன்னு சொல்லாது, "நல்லாருக்கு"ன்னுதான் சொல்லும். அதனால ரெண்ட ஒப்பிடும்போது மொதல்ல சத்தத்த சமமாக்கணும். போன் ஆப் உத்தேசமாத்தான் காட்டும். சரியான வழி மல்டிமீட்டர். 100 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ண மெதுவா ஓட விட்டு, ஸ்பீக்கர் மாட்டியிருக்கும்போதே டெர்மினல்ல ஏசி வோல்ட் அளங்க, ரெண்டு முனையும் ஒண்ணோட ஒண்ணு முட்டிராம பாத்துக்குங்க. ஒண்ணுல 1 வோல்ட்னா இன்னொண்ணுலயும் 1.01க்குள்ள வரணும், 1 சதவீத வித்தியாசம்னா 0.1 டெசிபலுக்குள்ள வந்துரும். 100 ஹெர்ட்ஸ் ஏன்னா வெல கம்மியான மீட்டர் மேல் ஃப்ரீக்வென்சில தப்பா காட்டும். அப்புறம் ரெண்டுலயும் டோன் கன்ட்ரோல், ரூமுக்கு ஏத்த மாதிரி சத்தத்த திருத்துற ரூம் கரெக்‌ஷன் எல்லாத்தையும் அணைச்சுட்டு சத்தத்த எதுவும் மாத்தாம விடுற ப்யூர் டைரக்ட் மோடுல போட்டு, எது ஓடுதுன்னு சொல்லாம வீட்டுல யாரையாச்சும் மாத்தச் சொல்லுங்க. 10க்கு 9 தடவ சரியா சொன்னீங்கன்னா வித்தியாசம் நெசம். புனலூர்ல பழைய ஸ்டீரியோ ஆம்ப் கூட வச்சு இப்படிப் பண்ணதுல மச்சினனுக்கு 10க்கு 5தான் வந்துச்சு. மொகம் சுருங்கிருச்சு பாவம். "அப்ப காசு தண்டமா அத்தான்?"னான். இல்லடா, இந்த காசு வேற வேலைக்கு, அது பொறவு வரும்னேன்.

பாட்டுக்கு சோதிக்கிறப்ப எல்லாரும் இங்கிலீஷ் டெமோ டிராக்கத்தான் போடுவாங்க, நான் போட மாட்டேன். நேர்ல நூறு தடவ கேட்டு காதுல படிஞ்சு போன சத்தத்த வச்சுத்தான் மட்டம் பாக்கணும். நம்ம பக்கம் அதுக்குப் பஞ்சமா, இந்தப் பக்கம் நாகஸ்வரமும் தவிலும், அந்தப் பக்கம் செண்ட மேளம். தவில்ல வலந்தலைய விரல் கூடு மாட்டி அடிப்பாங்க, தொப்பிய குச்சியால. அந்தக் கூடு படுற டக்குங்கிற வெட்டும் தொப்பியோட கும்காரமும் தனித்தனியா கேக்கணும். ரெண்டும் கலந்து டொம்முனு ஒரே சத்தமா வந்தா ரிசீவர குத்தம் சொல்லாதீங்க, 100ல தொண்ணூறு தடவ அது ரூமோட வேல. செண்டைக்குப் பக்கத்துல இலைத்தாளம் அடிக்கிறது ட்ரெபிளுக்கு நல்ல பரிட்ச, வெங்கலம் வெங்கலமா கேக்கணும், எண்ணெய் பொரியிற மாதிரி சர்ருனு கேட்டா தப்பு. நாகஸ்வரம் நடு ஸ்தாயில காத குத்துதான்னு பாருங்க, நேர்லயே கொஞ்சம் குத்தும், அது வேற.

ஸ்டீரியோவுல பாடுறவர் குரல் ரெண்டு ஸ்பீக்கருக்கும் நட்ட நடுவுல நிக்கணும். புளூடூத்ல ஓட்டிப்புட்டு ரிசீவர் மேல தீர்ப்பு எழுதாதீங்க, பென்டிரைவ்ல ஃப்ளாக் (தரம் கொறையாத பாட்டு ஃபைல்) போடுங்க இல்ல நெட்வொர்க்ல ஓட்டுங்க. பழைய மோனோ பாட்ட அப்மிக்ஸ் பண்ணி 9 ஸ்பீக்கர்ல கேக்குறது எனக்குப் பிடிக்காது, என் மச்சினனுக்கு உசுரு, அவரவர் இஷ்டம்.

படத்துக்கு மொத சோதன வசனம். ரகசியம் பேசுற சீனும் அடுத்தாப்ல சண்ட சீனும் வர்ற ஒரு பத்து நிமிசத்த எடுத்துக்குங்க. ரிமோட்ட தொடாம ரெண்டையும் பாக்க முடியுதா? ரகசியம் கேக்கலன்னா சென்டர் ஸ்பீக்கர் லெவல 1, 2 டெசிபல் ஏத்துங்க, ஸ்பீக்கர் டிவி ஸ்டாண்டுக்குள்ள பொதஞ்சு கெடந்தா முன்னால இழுத்து காதப் பாத்து லேசா சாச்சு வைங்க. டைனமிக் வால்யூம், நைட் மோடு (பெரிய சத்தத்தயும் சின்ன சத்தத்தயும் சமமாக்குறது) ஆன்ல இருந்தா எதையும் எடை போட முடியாது, மொதல்ல அணைங்க. தியேட்டர் அளவுல ஒவ்வொரு சேனலும் 105 டெசிபல் வரைக்கும் போகும், சப்ஊஃபர் 115 வரைக்கும், ரிசீவர் சரியா செட் பண்ணா வால்யூம் 0 காட்டுறது அந்த அளவத்தான். வீட்டுல யாரும் 0ல பாக்க மாட்டாங்க, மைனஸ் 15 கிட்ட வச்சாலே பக்கத்து வீட்டு சேட்டன் எட்டிப் பாப்பாரு, பாத்தாரு.

தலைக்கு மேல இருந்து சத்தம் குடுக்குற அட்மாஸ் ஸ்பீக்கருக்கு மழ சீன் போடுங்க. குத்தாலம் சீசன்ல தகரக் கூரைக்கு அடியில நின்னவங்களுக்கு எதுவும் சொல்லிக் குடுக்க வேண்டாம், மழ தலைக்கு மேல பரவலா பெய்யணும், நாலு ஓட்டையில ஒழுகுற மாதிரி கேக்கக் கூடாது. இன்ஃபோ பட்டன அமுக்கி அட்மாஸ்தான் வருதான்னு பாத்துக்குங்க. டிவிக்குள்ள இருக்கிற ஆப்ல வர்ற அட்மாஸ் டால்பி டிஜிட்டல் ப்ளஸ்ல வரும், அதுக்கு சாதா ஏஆர்சி (டிவி சத்தத்த எச்டிஎம்ஐ வயர்லயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்புறது) போதும். ப்ளூரே டிஸ்க்ல வர்ற, தரம் கொறையாத ட்ரூஎச்டி சத்தம் டிவி வழியா வரணும்னா அதோட புது வடிவம் ஈஏஆர்சி வேணும், இல்லாட்டி பிளேயர நேரா ரிசீவர்ல சொருகிருங்க. கேம் ஆடுறவங்க மட்டும் 4கே 120 ஹெர்ட்ஸ் எந்தெந்த சாக்கெட்ல போகுதுன்னு கேளுங்க, எல்லாத்துலயும் போகாது. 2020ல வந்த சில மாடல்ல எச்டிஎம்ஐ சிப் கோளாறுல அப்ப புதுசா வந்த எக்ஸ்பாக்ஸ 4கே 120ல ஓட்டுனா திரையே கறுத்துப் போச்சு, செகண்ட் ஹாண்ட்ல வாங்குறவங்க கட்டாயம் சொருகிப் பாத்து வாங்குங்க.

இப்ப அந்த "வேற வேல"க்கு வர்றேன், ரூம் கரெக்‌ஷன். வெல கூடுன ரிசீவருக்குக் குடுக்குற காசு பாதிக்கு மேல இதுக்குத்தான்னு நான் சொல்வேன். டெனான், மராண்ட்ஸ்ல ஆடிஸி வரும், புது பெரிய மாடல்ல டிராக் லைவ் லைசென்ஸ் தனியா காசு குடுத்து ஏத்திக்கலாம். யமஹால ஒய்பாவோ, ஆன்தம்ல ஏஆர்சின்னு (மேல சொன்ன எச்டிஎம்ஐ ஏஆர்சி இல்ல, இது வேற) அவங்க சொந்த சரக்கு. எதுவா இருந்தாலும் இது இல்லாம நம்ம கான்க்ரீட் வீட்டுக்கு விமோசனம் இல்ல. மச்சினன் ரூம் 14 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம், டைல்ஸ் தர. சத்தம் ஒரு செகண்டுக்கு சுமார் 1130 அடி போகும், அத ரூம் நீளத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா அந்த ரூம் எந்த பேஸ்ல அதிரும்னு வந்துரும். 14 அடிக்கு 40 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 56. அகலமும் உயரமும் ஒரே 10ங்கிறதால 56ல ரெண்டும் சேந்து மொத்துது, அதான் தவில்ல ஒரு சில அடி மட்டும் வெடி மாதிரி கேட்டுச்சு. எத்தன லட்சத்துக்கு ரிசீவர் மாத்துனாலும் அந்த 56 அங்கயேதான் நிக்கும், அத அமுக்குறது கரெக்‌ஷன், இல்ல சப்ஊஃபர நகத்துறது. மொதல்ல நகத்திப் பாருங்க, அதுக்கு காசு இல்ல. சப்ஊஃபர நீங்க உக்கார்ற சோஃபாவுல தூக்கி வச்சு பேஸ் பாட்டு போட்டுட்டு, சொவத்து ஓரமா முட்டி போட்டு ஊர்ந்து போயி எந்த எடத்துல பேஸ் சீரா கேக்குதோ அங்க சப்ஊஃபர வைங்க. பாக்குறவங்க சிரிப்பாங்க, பரவால்ல. நடு வீட்டுல நின்னு கை தட்டுனா டிர்ர்ருனு திரும்பி வருதா, ஜமுக்காளம் விரிங்க, திரைச்சீலை போடுங்க.

கரெக்‌ஷனுக்கு ரூம அளக்குற மைக்க வைக்கிறதுலதான் எல்லாரும் கோட்ட விடுறது. சோஃபா மேல சாச்சு வைக்கிறது, கையில புடிச்சுக்கிறது ரெண்டும் வேணாம், கேமரா ஸ்டாண்டுல காது ஒசரத்துல வைங்க. மொத பொசிஷன் நீங்க உக்கார்ற எடம், மத்தது அதச் சுத்தி ரெண்டடிக்குள்ள. ஃபேன் ஆஃப், ஃப்ரிட்ஜும் ஆஃப், மழ நேரத்துல பண்ணாதீங்க. நாங்க ராத்திரி 11 மணிக்கு மேல தவள சத்தம் கொஞ்சம் அடங்குனப்புறம் பண்ணோம். முடிஞ்சதும் ரிசல்ட்ட அப்படியே நம்பாம மெனுவத் தொறந்து பாருங்க. ஸ்பீக்கர லார்ஜ்னு போட்டிருந்தா ஸ்மாலாக்கி கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ் வைங்க, அதுக்குக் கீழ உள்ள பேஸ் சப்ஊஃபருக்குப் போயிரும். சப் தூரம் டேப்ல அளந்தத விட கூட காட்டும், அது தப்பில்ல, சப்புக்குள்ள ஆகுற லேட்டையும் சேத்துக் காட்டுது, மாத்திராதீங்க. பெறகு ஆன், ஆஃப் பண்ணி அதே தவில கேளுங்க. பேஸ் சீராகி குரல் மட்டும் கம்பளி போத்துன மாதிரி ஆயிருச்சுன்னா ரிசீவரோட போன் ஆப்ல போயி கரெக்‌ஷன 300, 400 ஹெர்ட்ஸுக்குக் கீழ மட்டும் வேல செய்ய விடுங்க. அங்க அப்படித்தான் பண்ணோம், மூணாவது ராத்திரி மச்சினன் வாயத் தொறந்து, "அத்தான், இப்பத்தான் இது தவில் மாதிரி இருக்கு"ன்னான். அதே அவன், அதே ஸ்பீக்கர்.

கடைசியா ஓட்டிப் பாக்குறது. மூணு மணி நேரப் படம் ஒண்ண நீங்க வழக்கமா வைக்கிற சத்தத்துல போடுங்க, நடுவுல தானா அணைஞ்சா ஸ்பீக்கர் வயர்ல ஒரு நூலு பக்கத்து டெர்மினல்ல முட்டுதான்னு பாருங்க, இல்லன்னா சூடு. மச்சினன் கண்ணாடி கதவு போட்ட ஷோகேஸுக்குள்ள வச்சிருந்தான், வாட்டர் ஹீட்டர் மாதிரி கொதிச்சது. மேல அரை அடியாச்சும் காத்து வேணும். துணி போட்டு மூடவும் கூடாது, சும்மா ஆன்ல இருந்தாலே சூடாகுற சாமான் இது. பாட்டு இல்லாதப்ப ம்ம்ம்னு இரைச்சல் வந்தா டிஷ் கேபிள ஒரு நிமிசம் கழட்டுங்க, நின்னுச்சுன்னா எர்த் லூப் (ரெண்டு வழியில எர்த் ஆகுறதால வர்ற இரைச்சல்), ரிசீவர்ல பழுது இல்ல. அதுக்காக பிளக்குல எர்த் பின்ன ஒடிக்கிற வேலை மட்டும் செய்யாதீங்க.

அட்டப்பொட்டியையும் தெர்மாக்கோலையும் பரண்ல போட்டு வைங்க, சர்வீஸுக்கு அனுப்புறப்ப தேடுவீங்க. மலையோரம் இருக்கிறவங்க பின்னால ஓட்டையில பல்லி போகாம பாத்துக்குங்க, நெசமாத்தான் சொல்றேன், கதகதப்புக்கு வந்து உக்காந்துக்கும். ஐப்பசி பொறந்து சாயங்காலம் இடி ஆரம்பிச்சா சுவிட்ச அணைச்சா பத்தாது, பிளக்கப் புடுங்குங்க, கூடவே டிஷ் கேபிளும் நெட் வயரும்.