பரணில் கிடைத்த ரிவால்வர்: வயது பார்க்கப்போய்ச் செய்யும் தவறுகள்

பரணை ஒழிக்கும்போது டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய வேட்டித் துணியில் சுற்றிய ரிவால்வர் ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த ஊர்ச் சரக்கு, எத்தனை வருஷத்துப் பழசு என்று வீடே கூடிவிடும். லைசென்ஸ் எங்கே என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

நூறு வயதானால் அது வெறும் பழம்பொருள், லைசென்ஸ் தேவையில்லை என்ற நம்பிக்கைதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வயதை மட்டும் பார்த்து விலக்குத் தருவதில்லை. பழுது பார்த்தாலும் சுட முடியாது என்ற நிலையில் இருக்கும் பழைய ஆயுதத்துக்கே விலக்கு. அதை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நாமே தீர்மானிக்க முடியாது. பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கு முதலில் தகவல் சொல்லுங்கள். அங்கேயோ, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கச் சட்டமே வழி வைத்திருக்கிறது. வாரிசு லைசென்ஸுக்குச் சென்னையில் வேப்பேரி கமிஷனர் அலுவலகம் இருக்கிறது. உள்ளே தோட்டா இருக்கிறதா என்று நீங்களே திறந்து பார்க்கவும் வேண்டாம், கடைக்காரர் திறக்கட்டும். வயது ஆராய்ச்சியை அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த தவறு, தேய்ப்பது. சென்னைக் கடற்காற்றில் துரு ஏறாத இரும்பு கிடையாது. அதைப் பார்த்ததும் உப்புத்தாளைத் தேடுகிற கை நம்முடையது. துருவோடு சேர்ந்து இரும்பில் குத்திய மெல்லிய முத்திரைகளும் போய்விடும். வயதைச் சொல்லும் சாட்சியே அவைதான். போதாக்குறைக்கு, துப்பாக்கியின் வரிசை எண்ணையோ அடையாளக் குறியையோ அழிப்பது அதே சட்டத்தின்படி குற்றம்.

பெயரைப் படித்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். குழலில் பி.ஆர். அண்ட் சன்ஸ், மதராஸ் என்று இருந்தால் மவுண்ட் ரோட்டிலேயே செய்தது என்று முடிவு கட்டிவிடுவார்கள். கடிகாரத்துக்குப் பெயர்போன அந்தக் கடை துப்பாக்கியும் விற்றது, பெயர் விற்றவருடையது. செய்த ஊரைத் தேட வேண்டுமானால், துப்பாக்கி வெடியைத் தாங்குமா என்று சுட்டுப் பார்க்கும் சோதனைச் சாலைகளின் முத்திரைகளைப் பாருங்கள். நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகள் இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்து முத்திரை. அதன் தலையில் கிரீடம் இருந்தால் 1893க்குப் பிந்தியது. வெளிநாட்டுச் சரக்கு என்பதைக் காட்ட 1925 முதல் சில பத்தாண்டுகள் ஆங்கிலேயர்கள் ‘நாட் இங்கிலிஷ் மேக்’ என்றே குத்தியிருக்கிறார்கள். இவ்வளவு வெளிப்படையாக எழுதியிருந்தும் இங்கிலாந்து ரிவால்வர் என்று சொல்லிக்கொள்பவரை என்ன செய்வது?

குழலின் மேலே உள்ள தேதிகளும் அப்படித்தான். அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெசன் ரிவால்வர் ஒன்றில் கடைசித் தேதி 1914 டிசம்பர் 29 என்று இருக்கலாம். அது காப்புரிமை கிடைத்த நாள். அதற்குப் பல ஆண்டுகள் கழித்துச் செய்தவற்றிலும் அதே வரி இருக்கும்.

வரிசை எண்ணை எங்கே படிப்பது என்பதில் அனுபவசாலிகளும் சறுக்குவார்கள். பக்கவாட்டில் திறக்கும் ரிவால்வரில் தோட்டா வைக்கும் உருளையைத் தாங்கும் கை போன்ற பாகத்தைக் கடைக்காரர் விலக்கினால் உள்ளே ஓர் எண் தெரியும். கோல்ட் நிறுவனத்துச் சரக்கென்றால் அதுதான் வரிசை எண். பழைய ஸ்மித் அண்ட் வெசனிலோ அது பாகங்களைப் பொருத்தும்போது இட்ட தொழிற்சாலைக் குறி மட்டுமே. உண்மையான எண் கைப்பிடியின் அடியில் இருக்கும். இடம் மாறிப் படித்தால் ஆண்டு எங்கேயோ போய்விடும்.

கடைசியில் வீட்டுக் கதை. நண்பர் ஒருவரின் கொள்ளுத்தாத்தா, 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் மதராஸ் மீது குண்டு வீசிய மறுநாளே வாங்கிய ரிவால்வர் என்று குடும்பமே சத்தியம் செய்தது. கடையில் வைத்துப் பார்த்தோம். ஆறு அங்குலக் குழல். உருளைக்கு மேலே ஓடும் பட்டையின் இடப்பக்கம் ‘வெப்லி, மார்க் 6’, அடியில் 1917. மார்க் 6 என்ற அந்த மாடல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்ததே 1915இல்தான். கடைக்காரர் லென்ஸை நகர்த்தி இன்னொன்றைக் காட்டினார்: முனையோடு முனை முட்டும் இரண்டு சின்ன அம்புகள். ஓர் அம்பு என்றால் அரசாங்கச் சொத்து. இரண்டு முட்டினால் அரசாங்கம் கழித்து விற்றது. எம்டன் போய்ப் பல காலம் கழித்துத்தான் அது தாத்தா கைக்கு வந்திருக்க வேண்டும். நண்பரின் அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “அப்படியானால் அவர் வேறொன்றும் வாங்கியிருப்பார், பரணில் இன்னும் தேடுங்கள்” என்றார்.