வீட்டில் பழுப்பு எட்டுக்கால் பூச்சியா? நிறத்தை விடுங்கள், கண்ணை எண்ணுங்கள்

வேலூர்ப் பக்கம் வீட்டுக்குள் திரியும் சிலந்திகள் பெரும்பாலும் பழுப்புதான். நிறத்தைப் போட்டு இணையத்தில் தேடினால் 'பிரவுன் ரெக்லூஸ்' படத்தில் கொண்டுபோய் நிறுத்தும். அது வட அமெரிக்காவின் விஷச் சிலந்தி. குடியாத்தத்துக் குளியலறைச் சுவரில் இருப்பது அது அல்ல.

முதலில் பிடிக்க வேண்டும். வாயகன்ற பிளாஸ்டிக் டப்பாவை மெதுவாகக் கவிழ்த்து, அடியில் பழைய தினசரி காலண்டர் அட்டையைச் செருகுங்கள். டீ டம்ளர் வேண்டாம். பெரிய சிலந்தியின் கால் விளிம்பில் நசுங்கி அறுந்துவிடும். டப்பாவுக்கு வெளியே அளவுக்கு ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து மேலே, முகம், அடிவயிறு என மூன்று படம் எடுங்கள். ஃபிளாஷ் போட்டால் பிளாஸ்டிக்கில் பட்டுப் படம் வெளுத்துவிடும். பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள்.

உள்ளங்கை அகலம், தட்டை உடம்பு, நண்டு மாதிரி பக்கவாட்டில் விரிந்த கால், வலை கிடையாது: இது வேட்டைச் சிலந்தி. கண்ணுக்குக் கீழே மீசை போல வெளிர்ப் பட்டை ஓடும். நெஞ்சுக்கடியில் வெள்ளை வில்லை ஒன்றைக் கட்டிக்கொண்டு திரிந்தால் அது முட்டைப்பை. கரப்பான்பூச்சியைத் தின்னும், விட்டுவைப்பதே லாபம். வாசலிலிருந்து வரும் ஓநாய்ச் சிலந்தியோ முட்டைப்பையை உருண்டையாக வயிற்று நுனியில் ஒட்டிக்கொண்டு போகும். குஞ்சுகள் முதுகில் இருக்கும்போது துடைப்பத்தால் அடித்தால் அறையெங்கும் சிதறும்.

ஒட்டடையில் தலைகீழாகத் தொங்கி, தொட்டதும் கிடுகிடுவென ஆடும் நூல்கால் சிலந்தியால் ஆபத்தில்லை.

குழப்பம் வருவது ஆறு கண் சிலந்தியில். மற்றவற்றுக்குப் பெரும்பாலும் எட்டு. ஆறு கண்ணும் மூன்று ஜோடியாக இருந்தால் உடனே ரெக்லூஸ் என்று முடிவு கட்டாதீர்கள். நம் வீடுகளில் இருக்கும் துப்பும் சிலந்திக்கும் அப்படித்தான். முதுகு மேடாக உருண்டு, உடம்பில் புள்ளி இருந்தால், நிதானமாக நடந்தால் அது துப்பும் சிலந்தி. ரெக்லூஸ் இனத்தில் காலில் வரியோ புள்ளியோ இருக்காது. ரெக்லூஸின் முதுகில் வயலின் வடிவ அடையாளம் இருக்கும் என்பார்கள், அதை மட்டும் நம்ப வேண்டாம். கறை படிந்த எந்த முதுகும் வயலினாகத் தெரியும்.

கை வைக்கக் கூடாதது பழுப்பு விதவைச் சிலந்தி. மணி போல உருண்ட வயிறு, வரி போட்ட கால், அடிவயிற்றில் ஆரஞ்சு நிற உடுக்கை வடிவம். முள் முள்ளான முட்டைப்பை பக்கத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். பிளாஸ்டிக் நாற்காலியின் அடி, காலிப் பூந்தொட்டி, நெடுநாள் எடுக்காத ஸ்கூட்டர் என இண்டு இடுக்கில் இருக்கும்.

சிலந்தியைக் கண்ணால் பார்க்காமல் புண்ணை மட்டும் வைத்து 'சிலந்திக்கடி' என்பது பெரும்பாலும் தவறு. கோடு போட்டாற்போல எரியும் கொப்புளம், ஆசிட் பூச்சி என்னும் சிறு வண்டு தோலில் நசுங்கியதால் வரும். அக்கியையும் சிலந்தியால் வந்தது என்பார்கள், அதற்குக் காரணம் சின்னம்மை வைரஸ். செம்மண் எழுதிக்கொண்டிருந்தால் மருந்துக்கான நேரம் போய்விடும். அக்குள், இடுப்பு மடிப்பு, தொடையிடுக்கில் வலியில்லாத கறுத்த பொருக்கு, கூடவே காய்ச்சல் என்றால் ஸ்க்ரப் டைஃபஸாக இருக்கலாம். புதரில் இருக்கும் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்துப் பரவும் இந்தக் காய்ச்சல் வேலூர் வட்டாரத்தில் மழைக்குப் பின் அதிகம். டாக்சிசைக்ளின் என்னும் ஆன்டிபயாடிக் மருந்துக்குச் சீக்கிரம் கேட்கும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. மருத்துவரிடம் 'சிலந்தி கடித்தது' என்று தொடங்காமல், காய்ச்சல் எத்தனை நாள் என்று சொல்லி அந்தப் பொருக்கைக் காட்டுங்கள்.