உங்கள் பெயரில் யாரோ கடன் வாங்கியிருந்தால்: எதை முதலில் செய்வது?

வாங்காத கடனுக்குத் தவணை கேட்டு போன் வந்ததும் பெரும்பாலோர் நேரே வங்கிக்கு ஓடுவார்கள். கணக்கிலிருந்து இந்த நிமிடம் பணம் போய்க்கொண்டிருந்தால் அதுதான் சரி. இல்லையென்றால் முதல் அரை மணி நேரத்தை மின்னஞ்சலுக்குக் கொடுங்கள். எந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினாலும் அதற்கான இணைப்பு அங்கேதான் வருகிறது. மின்னஞ்சல் திருடன் கையில் இருந்தால், நீங்கள் மாற்ற மாற்ற அவனும் மாற்றுவான்.

சந்தேகத்துக்கு இடமில்லாத வேறொரு கருவியில் நுழைந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றுங்கள். மீட்புக்கான எண்ணும் முகவரியும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். பலரும் கோட்டைவிடுவது அடுத்த இடத்தில்: அமைப்புகளில் உள்ள ஃபில்டர்களும் ஃபார்வர்டிங்கும். ‘கடன்’ என்ற சொல் வரும் கடிதத்தைப் படித்ததாகக் குறித்துக் குப்பைக்கு அனுப்பு என்று அவன் ஒரு விதி போட்டிருக்கலாம். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி அப்படியே இருக்கும். வங்கி அனுப்பும் எச்சரிக்கை உங்கள் கண்ணிலேயே படாது.

அடுத்து சிம். போனில் திடீரென்று சிக்னல் போய், அணைத்துப் போட்டும் வராமல், பக்கத்தில் அதே நிறுவனத்தின் எண் வேலை செய்தால், உங்கள் எண்ணுக்கு வேறு யாரோ சிம் வாங்கியிருக்கலாம். வேறு போனிலிருந்து அழைத்து உடனே முடக்கச் சொல்லுங்கள். முடிந்த இடங்களில் எல்லாம் ஓடிபியை எஸ்எம்எஸ்ஸிலிருந்து, போனிலேயே குறியீட்டை உருவாக்கித் தரும் ஆதென்டிகேட்டர் செயலிக்கு மாற்றிவிடுங்கள்.

வங்கியில் கார்டை முடக்கினால் மட்டும் போதாது. புதிதாகச் சேர்க்கப்பட்ட பணம்பெறுநர்கள், தானியங்கிப் பற்றுகள், மாற்றப்பட்ட முகவரி ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லி, புகார் எண் வாங்குங்கள். நாள் கடத்தினால் இழப்பு உங்கள் தலையில் விழும். அமெரிக்காவில், டெபிட் கார்டு திருடுபோனது தெரிந்து 2 வேலை நாளுக்குள் சொன்னால் பொறுப்பு அதிகபட்சம் 50 டாலர். அதைத் தாண்டினால் 500 வரை போகலாம்.

உங்கள் பெயரில் உள்ள கடன்களைத் தொகுத்துக் காட்டுவது கடன் அறிக்கை. அதைத் தரும் நிறுவனங்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றிடமும் அறிக்கை வாங்குங்கள். கடன் பட்டியலோடு, ‘விசாரணைகள்’ பகுதியையும் படியுங்கள். கடன் கேட்டு விண்ணப்பித்ததும் விசாரணை பதிவாகிவிடும். கடன் பட்டியலில் ஏற வாரக்கணக்கில் ஆகும். அதனால் இரண்டு மாதம் கழித்து இன்னொரு முறை வாங்கிப் பார்க்க வேண்டும். உங்கள் பெயரில் புதுக் கடன் வாங்க முடியாதபடி அறிக்கையை உறையவைக்கும் வசதி இருந்தால் இன்றே செய்யுங்கள்.

கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் மறுப்புத் தெரிவித்து, விண்ணப்பம், கையெழுத்து, அதில் கொடுத்த போன் எண், பணம் போய்ச் சேர்ந்த கணக்கு ஆகிய விவரங்களைக் கேளுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் உங்கள் வலுவான சான்று: அந்தக் கணக்கு உங்களுடையது இல்லையே! தொல்லை தாங்காமல் ஒரு தவணைகூடக் கட்டாதீர்கள். கடனை ஒப்புக்கொண்டதாக அதைக் காட்டுவார்கள். ஒரு பகுதியைக் கட்டி முடித்துக்கொள்ளும் ‘செட்டில்மென்ட்’டும் அதே கதைதான். கணக்கு மோசடியாகத் திறக்கப்பட்டது, நீங்கள் எதுவும் தரவேண்டியதில்லை என்ற கடிதம் கைக்கு வரும்வரை விடாதீர்கள்.

காவல்துறைப் புகாரின் நகலைப் பெரும்பாலும் எல்லா இடத்திலும் கேட்பார்கள். திருடுபோன ஆவணங்களின் எண்களையும் அதில் எழுதுங்கள். பாஸ்போர்ட் தொலைந்ததாகப் பதிவு செய்தபின் அது கிடைத்தாலும் பயணத்துக்கு எடுக்காதீர்கள். 2002 முதல் இன்டர்போல் அத்தகைய எண்களுக்குத் தரவுத்தளம் வைத்திருக்கிறது. எல்லைச் சோதனையில் மாட்டுவது நீங்கள்தான்.

ஒவ்வொரு அழைப்புக்கும் தேதி, நேரம், பேசியவர் பெயர், புகார் எண் நான்கையும் ஒரு நோட்டில் குறியுங்கள். பேசி முடித்ததும் அதையே மின்னஞ்சலாக அவர்களுக்கு அனுப்பிவிட்டால், ‘நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று பின்னால் சொல்ல முடியாது.

இதற்கிடையே, கட்டணம் கட்டினால் பணத்தை மீட்டுத் தருவதாக ஒருவர் தானாகவே அழைப்பார். உங்கள் விவரம் அவருக்கு எப்படிப் போனது என்று யோசித்துவிட்டு, போனை வையுங்கள்.