மெர்சிடஸ் 450எஸ்எல்: அமெரிக்க பம்பரைக் கழற்றி ஐரோப்பிய பம்பர் மாட்டுவது எப்படி?

1971-ல் மெர்சிடஸ் பென்ஸின் ஆர்107 வகை எஸ்எல் ஸ்போர்ட்ஸ் கார் (450எஸ்எல் இந்த வகையில் ஒன்று) வெளிவந்தபோது, அதன் பம்பர் உடலோடு ஒட்டிய மெல்லிய க்ரோம் பட்டைதான். ஐரோப்பிய பம்பர் என்பது இதுதான். வடிவமைப்பாளர் பிரீட்ரிக் கைகர் தலைமையில் உருவான அந்த வடிவத்தில் முன் விளக்கிலிருந்து பின் விளக்கு வரை கோடு எங்கும் தடுக்காது. 1974 முதல் அமெரிக்காவில் விற்ற 450எஸ்எல்லில் முன்னும் பின்னும் பலகை நீட்டிக்கொண்டிருப்பதுபோல் பம்பர் துருத்தி நிற்கும்.

காரணம் சட்டம். 1973 மாடல் கார்கள் மணிக்கு 5 மைல் வேகத்தில் முன்பக்கமும், 2.5 மைல் வேகத்தில் பின்பக்கமும் மோதினால் விளக்கு, எரிபொருள் அமைப்பு போன்றவை பழுதாகக்கூடாது என்றது அமெரிக்க அரசு. அடுத்த ஆண்டு பின்பக்கத்துக்கும் 5 மைல் ஆனது. அதற்காக பம்பருக்குப் பின்னால் ஷாக் அப்சார்பர் வைத்தார்கள். இடி பட்டால் பம்பர் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும், அதற்கு இடம் வேண்டும் என்பதால்தான் இந்த நீட்டல். 1982-ல் அரசு அந்த அளவை 2.5 மைலாகக் குறைத்தது. இருந்தும் 1989-ல் உற்பத்தி நிற்கும் வரை அமெரிக்க எஸ்எல்லில் பெரிய பம்பர்தான்.

மாற்றினால் கார் அழகாகும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பார்க்கிங்கில் யாராவது மெதுவாக இடித்தால்கூட அடி இனி நேராக உடலுக்குப் போகும். தெருவோரம் நிறுத்திவைக்கும் கார் என்றால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். உங்கள் மாநில வாகனச் சட்டத்தில் பம்பர் பற்றி என்ன இருக்கிறது என்று படித்துவிட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

படி 1: பொருள் வாங்குதல்

பம்பரை மட்டும் வாங்கி ஏமாறாதீர்கள். ஐரோப்பிய பம்பருக்கான பிராக்கெட்டுகள், பக்கவாட்டுப் பிடிப்புகள், ரப்பர் பட்டை, போல்ட், வாஷர் எல்லாம் சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள். அமெரிக்க ஷாக் அப்சார்பரில் இந்தப் பம்பரை மாட்ட முடியாது. பழைய அசல் பம்பர் கிடைத்தால் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெளியே க்ரோம் மின்னும், உள்ளே துரு தின்றிருக்கும். புதிதாகச் செய்யப்படும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பம்பரில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் வளைவு சற்று முன்னே பின்னே இருக்கலாம். எனக்குக் கிடைத்தால் அசலைத்தான் எடுப்பேன்.

படி 2: கழற்றுதல்

முதல் நாளே எல்லா போல்ட்டுகளுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவையுங்கள். நாற்பது, ஐம்பது வருடமாக அசையாத போல்ட்டை அவசரப்பட்டுத் திருகினால் தலை உடையும். பம்பர் முனைகளைச் சுற்றியுள்ள உடலில் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். பின்பக்கம் நட்டுகள் கண்ணில் படாவிட்டால் டிக்கி விரிப்பைத் தூக்கிப் பாருங்கள்.

கூட ஒருவர் கட்டாயம் வேண்டும். நான் முன் பம்பரைத் தனியாக இறக்கப்போய், கடைசி போல்ட் வந்ததும் ஒரு பக்கம் சரிந்து, இடது ஃபெண்டரில் (முன் சக்கரத்துக்கு மேலுள்ள உடல் தகடு) விரல் நீளத்துக்குக் கீறல் விழுந்தது. அந்த ஒரு கீறலுக்காக முழு ஃபெண்டருக்கும் பெயின்ட் அடிக்க வேண்டியதாயிற்று.

ஷாக் அப்சார்பர் விஷயத்தில் விளையாட வேண்டாம். இந்த வகை ஷாக்குகள் பலவற்றில் உள்ளே அழுத்தம் அடைபட்டிருக்கும். துளை போடவோ, அறுக்கவோ, நெருப்பில் காட்டவோ கூடாது. போல்ட்டை எடுத்து முழுசாகவே வெளியே கொண்டுவாருங்கள்.

படி 3: மறைந்திருந்ததைச் சரிசெய்தல்

உண்மையான வேலை இங்கேதான். பெரிய பம்பர் போனதும் அது இத்தனை வருடம் மறைத்திருந்த துளைகள், துரு, சேறு எல்லாம் வெளியே வரும். பழைய பிடிப்புகள் இருந்த துளைகள் சிறிய பம்பருக்கு வெளியே தெரிந்தால் வெல்டிங் செய்து அடைப்பதே சரி. வெறும் புட்டி வைத்தால் அதிர்வில் சில மாதங்களில் பெயர்ந்துவரும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். பின்பக்கம் பெட்ரோல் டேங்க் அருகில் இருப்பதால் அந்த வேலையை அனுபவமுள்ள டிங்கரிங் ஆளிடம் விடுங்கள்.

ஆனால் பெயின்ட்டுக்கு இன்னும் போகாதீர்கள். முதலில் புதிய பம்பரை பிராக்கெட்டோடு சும்மா வைத்துப் பாருங்கள். ஒரு துளையைப் பெரிதாக்க வேண்டியிருந்தாலும், பிராக்கெட்டை ராவ வேண்டியிருந்தாலும் இப்போதே தெரியும். பெயின்ட் அடித்தபிறகு தெரிந்தால் செலவு இரட்டிப்பு. பம்பரை வைத்துவிட்டுப் பத்தடி தள்ளிப்போய்ப் பாருங்கள். எந்தத் துளை வெளியே தெரிகிறது, எது மறைகிறது என்பது தூரத்தில்தான் புரியும்.

படி 4: மாட்டுதல்

பிராக்கெட்டை ஃபிரேமில் கை இறுக்கத்துக்கு மட்டும் மாட்டுங்கள். பம்பர் துண்டுகளைத் தரையில் கம்பளி விரித்து, அதன்மேல் வைத்துச் சேருங்கள். பிறகு இருவராகத் தூக்கிப் பொருத்தி, நடு போல்ட்டுகளைப் பாதி இறுக்கிவிட்டுப் பக்கவாட்டுக்குப் போங்கள். இடது, வலது இடைவெளியைக் கண்ணால் பார்த்து முடிவெடுக்காமல் அட்டைத்துண்டை அடுக்கி அளவுகோலாக்கி இரு பக்கமும் நுழைத்துப் பாருங்கள். உயரத்தை பம்பரின் இரு முனையிலிருந்தும் தரைக்கு அளக்க வேண்டும், கார் நிற்கும் தரை மட்டமாக இருப்பதும் முக்கியம். எனக்கு இதற்கே ஒரு பிற்பகல் முழுக்கப் போனது. சரியாக வந்தபிறகுதான் முழு இறுக்கம், அதுவும் பட்டறைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு.

முன் திருப்பு விளக்குகள் இந்தக் காரில் ஃபெண்டர் மூலையில் இருப்பதால் பம்பருக்காக அவற்றைத் தொட வேண்டியதில்லை. பக்கவாட்டில் உள்ள சிறு எச்சரிக்கை விளக்குகளைக் கழற்றிவிடாதீர்கள், அமெரிக்காவில் அவை சட்டப்படி தேவை. அமெரிக்க நம்பர் பிளேட் 12 அங்குல அகலம், 6 அங்குல உயரம். ஐரோப்பியப் பிளேட்டோ 520 மி.மீ. நீளமும் 110 மி.மீ. உயரமும் கொண்டது. அதனால் பிளேட்டுக்குத் தனிப் பிடிப்பு தேவைப்படலாம். பின் பிளேட்டின் மேல் விளக்கு வெளிச்சம் விழுகிறதா என்று இரவில் ஒருமுறை பாருங்கள்.

படி 5: கார் உயர்ந்து நின்றால்

பாரம் குறைந்ததும் மூக்கு கொஞ்சம் மேலெழுந்து நிற்கலாம். இந்தக் காரில் ஸ்பிரிங்குக்கு மேலுள்ள ரப்பர் பேட் பல தடிமன்களில் கிடைக்கும். எது எவ்வளவு தடிமன் என்பதை அதன்மேல் உள்ள புடைப்புகளை எண்ணித் தெரிந்துகொள்ளலாம். மெல்லியதாக மாற்றினால் உயரம் இறங்கும். ஆனால் அமுங்கிய ஸ்பிரிங் ஆளையே கொல்லக்கூடியது. சரியான கருவி உள்ள மெக்கானிக்கிடம் கொடுங்கள். உயரம் மாறியதும் ஹெட்லைட் குறியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

நூறு மைல் ஓட்டியபிறகு எல்லா போல்ட்டுகளையும் இன்னொரு முறை பாருங்கள். கழற்றிய பம்பர், ஷாக், நட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டு, எந்தப் பக்கத்துடையது என்று எழுதி வையுங்கள். நாளை காரை வாங்குபவர் அசல் அமெரிக்க வடிவமே வேண்டும் என்று கேட்கலாம்.