படுக்கைப் புண் வழக்கு: குடும்பங்கள் சறுக்கும் இடங்கள்

இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் கிடந்த அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்து வேட்டி மாற்றும்போதுதான், முதுகுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண் தெரிகிறது. அன்று மாலையே வக்கீலைத் தேடுகிறார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் புண்ணே சாட்சி என்று நம்பிப் போவதுதான் முதல் தவறு.

மிகவும் நலிந்தவர்களுக்கு எவ்வளவு கவனித்தாலும் சில சமயம் புண் வரும் என்று மருத்துவமனை வாதிடும். அதில் உண்மையும் உண்டு. ஆகவே வழக்கு நிற்பது வேறு கேள்விகளில். சேர்த்த அன்று தோல் எப்படி இருந்தது? புண் வரும் ஆபத்தை 'பிரேடன்' அளவுகோல் போல எதையாவது வைத்துக் கணித்தார்களா? நேரம் தவறாமல் புரட்டிப் படுக்க வைத்தார்களா? ஏர் பெட் போட்டார்களா?

இதற்கெல்லாம் பதில் டிஸ்சார்ஜ் சம்மரியில் கிடைக்காது. நர்சுகள் எழுதிய குறிப்புகள் உட்பட கேஸ் ஷீட் முழுவதையும் எழுத்தில் கேளுங்கள். கேட்டதற்கு ஒப்புகையும் வாங்குங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிமுறை. ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருந்தால் போதும் என்பதும் அதே விதிதான். ஆறப்போடாதீர்கள்.

பெற்றவரின் உடம்பைப் போட்டோ எடுக்கக் கூச்சமாகத்தான் இருக்கும். இருந்தாலும், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துத் தேதியோடு எடுங்கள். மாநிறத் தோலில் ஆரம்பச் சிவப்பு சரியாகத் தெரியாது. தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். அப்போதே நர்சிடம் சொல்லி எழுதவைத்தால் அந்த ஒரு வரி பின்னால் பெரிதாக உதவும்.

"கூட இருந்தது நீங்கள்தானே?" நம் ஊர் வழக்குகளில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. டயப்பர் மாற்றுவது, புரட்டுவது எல்லாம் இங்கே கூட இருக்கும் உறவினர் தலையில்தானே விழுகிறது! அதற்காகப் பழியை நீங்களே சுமக்க வேண்டியதில்லை. யாராவது சொல்லித் தந்தார்களா, உதவி கேட்டும் வரவில்லையா என்பதைத் தேதிவாரியாக எழுதிவையுங்கள். ஊழியர்களின் கவனக்குறைவுக்கு மருத்துவமனை பதில் சொல்லியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004இல் சவிதா கர்க் வழக்கிலேயே சொல்லிவிட்டது.

நேராகப் போலீசுக்குப் போவது பெரும்பாலும் வீண் அலைச்சல். குற்ற வழக்குக்குச் சாதாரண அஜாக்கிரதை போதாது, மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும் என்கிறது 2005இன் ஜேக்கப் மாத்யூ தீர்ப்பு. இழப்பீடுதான் நோக்கம் என்றால் நுகர்வோர் ஆணையமே சரியான இடம். எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை மட்டும் இதில் வராது. அதற்குச் சிவில் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோதான்.

அப்புறம், "ஒரு கோடி கேட்கிறோம், மாவட்ட ஆணையம் எடுக்காது" என்ற குழப்பம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பார்ப்பது நீங்கள் கேட்கும் தொகையை அல்ல, கட்டிய கட்டணத்தை. அது 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம்தான், அதுவும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே. 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமும் இல்லை. இழப்பீடு கேட்க ஆதாரமாகும் டிரெஸ்ஸிங், ஏர் பெட், வீட்டு நர்ஸ் பில்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வழக்குத் தொடர இரண்டு வருடம்தான் அவகாசம். "பேசித் தீர்த்துக்கலாம், அடுத்த வாரம் வாங்க" என்று மருத்துவமனை இழுத்தடிக்கும் நாட்களும் அந்தக் கணக்கில்தான் கழியும்.