பேய் பிடிக்கப் போகும் பெடியளுக்குக் கதை எழுதுகிறவர்கள் விடும் பிழைகள்

இளையோருக்கான பேய் வேட்டை நாவல் எழுதத் தொடங்கியிருக்கும் ஏழு பேர் தங்கள் முதல் அத்தியாயங்களை எனக்கு அனுப்பியிருந்தார்கள். எல்லாரும் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துக்காரர். வாசிக்க வாசிக்க, கடன் கொடுத்தவனைச் சந்தையில் கண்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியது. அத்தனையும் நான் விட்ட பிழைகள்.

ஒரு பக்கத்தில் ஆறு தரம் ‘திடீரென்று’ வருவதையும், அமாவாசையில் நிலா எறிப்பதையும் நீங்களே திருத்திவிடுவீர்கள். அவற்றை விடுவோம்.

பற்றைக்குள் பாயும் கதாநாயகன்

டோர்ச்சும் கையுமாகப் பேயைத் துரத்திக்கொண்டு பெடியன் பற்றைக்குள் பாய்கிறான். வன்னிப் பிள்ளை பாயாது. உள்ளே யானை நிற்கும். அதோடு, மிதிவெடி எச்சரிக்கையாக மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகளைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போன தலைமுறை, தெரியாத இடத்தில் காலை வைக்காது. பேய் மூன்றாவது பயம்தான். என்னுடைய பழைய கதையை வாசித்துவிட்டு அக்காவின் மகன் கேட்டான்: “மாமா, இவன் ஏன் குளக்கட்டாலை போகேல்லை?” பிறகு அந்த அத்தியாயம் முழுவதையும் கட்டுக்கு மாற்றினேன். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் இருட்டு, நடுவில் ஓட ஒரே ஒரு பாதை. பயமும் கூடியது.

கீச்சிடும் மீட்டர்

பேயைக் காட்டிக்கொடுக்க எல்லாரும் கொண்டுவரும், காந்தப்புலம் அளக்கும் மீட்டர் சுவருக்குள் ஓடும் வயருக்கும் கீச்சிடும், ஃபிரிட்ஜுக்கும் கீச்சிடும். கரண்ட் இல்லாத கொட்டிலில் கீச்சிட வையுங்கள், பார்ப்போம்.

செத்தாரா என்று தெரியாதவரைப் பேயாக்குவது

இதற்குத்தான் இந்தக் கட்டுரையே. ஏழில் மூன்று பேர் செய்திருக்கிறார்கள், எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

என் முதல் நாவலில் முத்தையன்கட்டுப் பக்கம் மூன்று பிள்ளைகள் ஒரு குரலைத் தேடிப் போவார்கள். “வீட்டுக்கு எப்பிடிப் போறது?” என்று இரவில் ஒரு பெடியன் கேட்டுக்கொண்டிருப்பான். அவன் 2009இல் காணாமற்போனவன் என்று கடைசியில் தெரியவரும். விளக்கேற்றி அவன் ஆவியை அனுப்பிவைப்பார்கள். எழுதும்போது நானே அழுதேன். மனைவியின் சங்கிலியை அடகு வைத்து 300 பிரதி அடித்தேன்.

2018இல் ஒரு வாசிகசாலையில் அந்தக் கடைசி அத்தியாயத்தை வாசித்தேன். முடிந்ததும் மூன்றாம் வரிசையில் ஓர் அம்மா எழும்பினார். கோபமில்லை, சத்தமுமில்லை.

“தம்பி, அந்தப் பெடியன் செத்தது எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

நான் ஏதோ கற்பனை, குறியீடு என்று இழுத்தேன். அவர் கைப்பையைத் திறந்தார், உள்ளே பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு படம். எடுத்துக் காட்டவில்லை. திரும்பப் பையை மூடிவிட்டு இருந்துவிட்டார்.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் வாசலில் 2017 பெப்ரவரியில் போராட்டமாகப் போய் இருந்த, காணாமற்போனவர்களின் தாய்மார் கேட்டதும் அதே கேள்விதான். மரணச் சான்றிதழ் வேண்டாம், பிள்ளை எங்கே என்று சொல் என்றார்கள். காணாமற்போனவர் என்று தனியாகச் சான்றிதழ் கொடுக்க 2016இல் சட்டமே வந்தது. அந்த வீடுகளில் திவசம் செய்வதா விடுவதா என்பதே தீராத சண்டை. ஆவி என்று எழுதவேண்டுமானால் முதலில் ஆள் செத்திருக்க வேண்டும். அந்தத் தாய் கையெழுத்துப் போட மறுத்த தாளில், கதைக்கு ஒரு நல்ல முடிவு வேண்டும் என்பதற்காக நான் போட்டுவிட்டேன்.

மிச்சம் 180 பிரதி கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. சங்கிலி மீளவில்லை, அது வேறு கதை.

யாரும் காத்திருக்காத பேயாகப் பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இரணைமடுக் குளக்கட்டு எழும்பியபோது செத்த ஒரு கூலியாளைக் கற்பனை செய்யுங்கள். புளியமரத்து முனி இருக்கிறது, அம்மம்மாமார் சொல்லும் கொத்திப் பேய் இருக்கிறது. இல்லை, அந்தக் குரல்தான் வேண்டும் என்றால், பிள்ளைகள் அதைக் கேட்கட்டும். யார் என்று சொல்லாதீர்கள். விளக்கேற்றி அனுப்பிவைக்கவும் வேண்டாம்.

அம்மா எங்கே?

பதினாலு வயதுப் பிள்ளை இரவு பன்னிரண்டு மணிக்கு வெளியே நிற்க ஒரு காரணம் வேண்டும். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு ஊரே விடிய விடிய விழித்திருக்கும், யாரும் பிள்ளைகளை எண்ண மாட்டார்கள். அந்தப் பொங்கலில் கடல் தண்ணீரில் விளக்கெரிவதை எழுதினால் பார்த்ததோடு நிறுத்துங்கள். அதைப் பேய் விரட்டும் ஆயுதமாக்கினால் ஊரில் உதைதான்.

கொள்ளிவால் பேய்

இரவில் எரிந்து எரிந்து அணையும் அந்த வெளிச்சம் வெறும் சதுப்பு வாயு என்று கடைசிப் பக்கத்தில் பாடம் நடத்தாதீர்கள்.

பேயின் பேச்சு

முல்லைத்தீவுப் பேய் மதுரைத் தமிழ் பேசுகிறது. வேண்டாம்.